கட்டமரான்: பெயர் நமது, படகு யாருடையது?

தமிழ் உலகுக்குக் கொடுத்த சொற்கள் என்றொரு பட்டியல் அவ்வப்போது மேடைகளில் வாசிக்கப்படுகிறது. மிளகுத்தண்ணீர், சுருட்டு, கட்டுமரம் என்று அது நீளும். மூன்றாவது சொல்லுக்கு வரும்போது பேச்சாளரின் குரல் சற்றே உயர்வதை நாம் கேட்டிருக்கிறோம். காரணம் எளிது. மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயரின் அடுக்களையோடு நின்றுவிட்டது. கட்டுமரமோ ‘கட்டமரான்’ ஆகி ஒலிம்பிக் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு ஒல்லியான உடல்களின்மேல் பாய் விரித்து, ஒரு பக்கம் நீரைவிட்டு எழும்பிப் பாயும் அந்தப் பந்தயப் படகின் படத்தைக் காட்டி, இது நம் கடலோர மக்கள் கண்டது என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

சொல் நம்முடையது என்பதில் ஐயமில்லை. பொருள் வேறிடத்தைச் சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு, அந்தப் படகை அடக்கியாளும் வித்தை எங்கே எப்படிக் கைவந்தது என்பதையே இங்கே எழுத முற்படுகிறோம். பெருமைப் பட்டியலில் இடம்பெறாத கதை அது. ஆனால் பட்டியலைவிடச் சுவையானது.

1690-களில் சோழமண்டலக் கரையைப் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இச்சொல்லைப் பதிவு செய்தார். அவர் கண்டது இலேசான மரத்துண்டு ஒன்றோ இரண்டோ. ஒருவர் மட்டும் ஏறிச் செல்லத்தக்கது. ஏறியவரின் கால்கள் எந்நேரமும் நீருக்குள்தான். பெரிய கட்டுமரங்கள் பல மரங்களை வரிசையாக அடுக்கி, குறுக்குக் கட்டைகளோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கியவை. அவற்றுக்கு உட்குழிவு இல்லை. அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் காயவைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், பெரிய படகுகள் துணியாத அலைகளைத் தாண்டி, நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. கடிதம் நனையாமலிருக்கத் தலையிலுள்ள கூம்புக் குல்லாய்க்குள் வைத்துக்கொள்வார்களாம்.

ஆக, கட்டுமரம் ஒரு மிதவை. மிக நுட்பமான மிதவை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் இத்துறையில் தொடக்க நூலாகக் கருதப்படுவது. இரட்டை உடல் படகு என்பதோ முற்றிலும் வேறு வகை. இரண்டு தனித்தனித் தோணிகளை இடைவெளிவிட்டுக் குறுக்குச் சட்டங்களால் பிணைப்பது அது. அதன் தாயகம் பசிபிக் பெருங்கடல். பொலினீசிய மக்கள் அத்தகைய தோணிகளில்தான் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள தீவுகளைக் கண்டடைந்து குடியேறினார்கள்.

சோழமண்டலத்தின் சொல் பசிபிக்கின் பொருள்மேல் எப்படி ஒட்டிக்கொண்டது? ஆங்கிலக் கடலோடிகள் அச்சொல்லை எந்த மிதவைக்கும் பொதுப்பெயராக்கிக்கொண்டார்கள் என்பதே விடை. 1804-இல் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிப்பெட்டிகளை ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்டபோது, அவற்றுக்கும் ‘கட்டமரான்’ என்றே பெயர். நம் சொல் ஒருகாலத்தில் கண்ணிவெடிக்கும் பெயராயிருந்ததைப் பட்டியல் வாசிப்பவர்கள் யாரும் சொன்னதில்லை. கட்டப்பட்ட எதுவும் கட்டமரான் என்றான பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இரட்டை உடல் படகை அப்பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

இனி படகின் கதை. ஐரோப்பாவில் இரட்டை உடல் படகைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர் சர் வில்லியம் பெட்டி. பொருளாதார வரலாறு படித்தவர்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரிந்த பெயர். அயர்லாந்தில் 1662-இல் அவர் கட்டிய முதல் இரட்டைப் படகு டப்ளின் விரிகுடாவில் ஒற்றை உடல் படகுகளை வென்றது. அடுத்த படகு டப்ளினுக்கும் ஹோலிஹெட்டுக்கும் இடையே தபால் படகைத் தோற்கடித்தது. மூன்றாவதற்கு ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்று பெயர். அது பிஸ்கே விரிகுடாவில் புயலில் சிக்கி ஆட்களோடு மறைந்தது. வேகம் உண்டு, ஆனால் கட்டுக்குள் வைக்க முடியவில்லை என்ற தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டதாக நாம் கருதுகிறோம். அடுத்த இருநூறு ஆண்டுகள் யாரும் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

1876-ஆம் ஆண்டு ஜூன் 22. அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி நியூயார்க்கில் பெரிய பாய்மரப் படகுப் போட்டி. ரோட் ஐலந்தின் பிரிஸ்டலிலிருந்து இருபத்தெட்டு வயதான நதானியல் ஹெரஷாஃப், ‘அமரில்லிஸ்’ என்ற படகோடு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ 25 அடி நீளம், கத்தி போன்ற இரண்டு உடல்கள். அவற்றை அவர் விறைப்பாகப் பிணைக்கவில்லை; ஒவ்வோர் உடலும் அலைக்கேற்பத் தனித்தனியே ஏறி இறங்கும்படி அசையும் மூட்டுகளால் இணைத்திருந்தார். சுற்றிலும் நின்றவர்கள் சிரித்திருக்கவும் கூடும். போட்டி முடிந்தபோது சிரிக்க ஒன்றுமில்லை. அமரில்லிஸ் தன் வகுப்பிலிருந்த படகுகளையெல்லாம் பின்னே விட்டுவிட்டு வந்திருந்தது.

உடனே முறையீடுகள் எழுந்தன. இது முறையான படகே அல்ல என்றார்கள். பரிசு பறிக்கப்பட்டது. அதன்பின் இரட்டை உடல் படகுகளுக்கு வழக்கமான போட்டிகளில் இடமில்லாமற்போயிற்று. ஹெரஷாஃப் மறு ஆண்டு, 1877-இல், தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வேறு சில இரட்டைப் படகுகளையும் கட்டினார். பிறகு அந்த வழியைக் கைவிட்டார். அவர் பெயர் நிலைத்தது ஒற்றை உடல் படகுகளால். 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பையைக் காத்த படகுகள் ஐந்தும் அவர் வரைந்தவை. ஒரு மேதையின் முதல் வேட்கை விதிப்புத்தகத்தால் அடைக்கப்பட்டு, அவர் ஊர் ஒப்பிய பாதைக்குத் திரும்பியதை எழுதும்போது நமக்கு இலக்கியத்திலிருந்து சில பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. அதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

விதி அடைத்த கதவு மறுபடி திறக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாயின. திறந்தவர்கள் படகுச் சங்கத்தார் அல்லர், கடற்கரையில் கிடந்தவர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பசிபிக்கின் கிறிஸ்துமஸ் தீவில் வுடி பிரவுன் என்ற அமெரிக்கர் உள்ளூர் இரட்டைத் தோணி ஒன்றின் ஓட்டத்தைக் கண்டு வியந்தார். அவர் அலைச்சறுக்கு வீரர், கிளைடர் விமானமும் ஓட்டியவர். ஹவாய்க்குத் திரும்பி ஆல்ஃபிரட் குமலாயே என்பவரோடு சேர்ந்து 1947-இல் ‘மனு காய்’ என்ற படகைக் கட்டினார். கடற்பறவை என்று பொருள். கட்டும் முறையில் விமானக் கட்டுமானத்தின் இலேசு. வடிவத்தில் தீவு மக்களின் பழைய அறிவு. வைகீகி கடற்கரையில் அலை உடையும் இடத்தையும் தாண்டி மணலில் நேரே ஏறக்கூடிய படகு அது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில், கான்வி தீவில், ரோலண்ட், பிரான்சிஸ் ப்ரவுட் என்ற சகோதரர்கள் இரண்டு கயாக் தோணிகளை மூங்கிலால் பிணைத்துப் பாய் கட்டிப் பார்த்தார்கள். இருவரும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டியில் கலந்துகொண்டவர்கள். இந்த விளையாட்டிலிருந்து ‘ஷியர்வாட்டர்’ என்ற படகு பிறந்தது. 1950-களின் நடுவில் ஆங்கிலக் கரைகளில் அது ஒற்றை உடல் படகுகளை வெட்கப்படவைத்தது. இரண்டு தோணி, நடுவே மூங்கில், கட்டக் கயிறு. ‘கட்டு’ என்ற நம் வேர்ச்சொல் பொருந்துகிற இடம் உண்டென்றால் அது இந்தக் கொல்லைப்புறம்தான் என்று சொல்லலாம்.

1961-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலந்தில் சீ கிளிஃப் படகுச் சங்கம் ஆங்கிலேயரை அழைத்துச் சிறிய கட்டமரான்களுக்கான கோப்பைப் போட்டியை நடத்தியது, ஆங்கிலேயர் வென்றனர். 1967-இல் உலகப் படகோட்ட அமைப்பு ஒலிம்பிக்குக்கு ஏற்ற கட்டமரான் எதுவென்று தேர்வுச் சுற்று நடத்தியபோது ரோட்னி மார்ச் வரைந்த ‘டொர்னாடோ’ மற்றவற்றை எளிதில் மிஞ்சியது. இருபது அடி நீளம், பத்தடி அகலம். கலிபோர்னியாவில் சறுக்குப்பலகை செய்து விற்றுக்கொண்டிருந்த ஹோபி ஆல்டர் 1968-இல் தம் பதினாலடிப் படகை வெளியிட்டார். அடுத்து வந்த ‘ஹோபி 16’ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் விற்றது. பதினாறரை அடி நீளம், 145 கிலோ எடை. அதன் வடிவமைப்பில் அவருக்குத் துணைநின்ற ஃபில் எட்வர்ட்ஸும் பெயர்பெற்ற சறுக்கு வீரர்தான்.

பந்தயம் தொடங்க விரும்பும் சாதாரணருக்கு வழி திறந்தது ஹோபியால்தான் என்பது நம் கருத்து. டொர்னாடோ வல்லுநர்களின் படகு. ஹோபியோ இரண்டு பேர் தூக்கி மணலில் இழுத்துச் செல்லத்தக்கது. படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க மற்றப் படகுகளில் அடியில் ஒரு பலகை இறங்கும். ஹோபியில் அது கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வோர் உடலின் வெளிப்புறம் தட்டை, உட்புறம் வளைவு. அந்தச் சமமின்மையே நழுவலைத் தடுக்கிறது. சுக்கான்கள் மணலில் தட்டினால் தாமாகவே மேலே எழும்பிக்கொள்ளும். வைகீகியில் மனு காய்க்குத் தேவைப்பட்ட அதே இயல்பு. சோழமண்டலக் கட்டுமரத்துக்குத் தேவைப்பட்டதும் அதுவே. துறைமுகமில்லாத கரையில் அலை தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் மூன்று இடங்களில் மூன்று விடைகளைப் பெற்றிருக்கிறது. உறவு என்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்லலாம். வம்சாவளி என்று சொல்ல முடியாது.

இத்தனை சொன்னபின்னும் பெட்டியின் காலத்துக் கேள்வி அப்படியே நிற்கிறது. வேகத்தை யார் மறுத்தார்கள்? அடக்குவது எப்படி?

ஒற்றை உடல் படகில் நன்கு பழகியவரே முதல்முறை சிறிய கட்டமரானில் ஏறினால் திணறிப்போகிறார். காற்றை நோக்கிப் பாய்மரப் படகு எதுவும் நேரே ஓடாது என்பது வாசகர்கள் அறிந்ததே. சாய்வாக ஒரு பக்கம் ஓடி, பிறகு முன்தலையைக் காற்றின் குறுக்கே திருப்பி மறுபக்கம் ஓடி, இப்படி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். நம் மீனவர்கள் முன்தலையை அணியம் என்பார்கள். அதையே நாமும் ஆள்வோம். ஒற்றை உடல் படகுக்கு எடை உண்டு, எடையால் வரும் உந்தம் உண்டு. சுக்கானைத் தள்ளினால் அந்த உந்தத்திலேயே அணியம் காற்றைக் கடந்து மறுபக்கம் வந்துவிடும். கட்டமரான் இறகு போன்றது. உந்தம் உடனே செத்துவிடும். மேலும் இரண்டு நீண்ட உடல்கள் எட்டடி இடைவெளியில் நிற்கும்போது, திரும்புவதற்கு ஒன்று உள்வட்டத்திலும் மற்றது வெளிவட்டத்திலும் ஓட வேண்டும். பழக்கமில்லாதவர் சுக்கானைச் சடாரென்று தள்ளுகிறார். தள்ளப்பட்ட சுக்கான் திருப்புவதற்குப் பதிலாக நீரில் குறுக்கே நின்று தடுக்கிறது. படகு காற்றின் வாயில் போய் அசையாமல் நின்றுவிடுகிறது, பாய் படபடக்கிறது, பின்னே வந்தவர்கள் கடந்து போகிறார்கள்.

இதற்குக் கடற்கரைக்காரர்கள் கண்ட முறை வெறும் கைப்பழக்கமாகத் தோன்றும்; உள்ளே நல்ல இயற்பியல் இருக்கிறது. திரும்புமுன் வேகம் குறையாதிருக்க வேண்டும். வேகமே இல்லாதபோது திரும்ப நினைப்பது வீண். பெரும்பாயின் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி சுக்கானை மெல்ல, தொடர்ந்து தள்ள வேண்டும். இறுகிய பெரும்பாயே படகின் பின்பாதியை அழுத்தி அணியத்தைக் காற்றுக்குள் கொண்டுபோகும். அணியம் காற்றின் நேரே வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இதுவரை உதவிய பெரும்பாய் இனி காற்றுக்காட்டிச் சேவலைப்போலப் படகை அங்கேயே நிறுத்தப் பார்க்கும். எனவே அந்தக் கணத்தில் அதன் கயிற்றைத் தாராளமாக விட வேண்டும். முன்பாயை மட்டும் உடனே மறுபக்கம் மாற்றக் கூடாது. பழைய பக்கத்திலேயே கட்டியபடி விட்டால் காற்று அதன் பின்புறத்தில் மோதி, கையால் தள்ளுவதுபோல அணியத்தை மறுபக்கம் தள்ளிவிடும். தள்ளி முடித்தபின்தான் முன்பாயை விடுவித்து மாற்ற வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து படகு நின்றே போனால்? அப்போது பின்னோக்கி நகரத் தொடங்கும். பின்னோக்கி ஓடும் படகுக்குச் சுக்கான் எதிர்மாறாக வேலை செய்யும்; கைப்பிடியை மறுபக்கம் தள்ளினால் அணியம் வேண்டிய திசைக்கே வரும். தோல்வியையே திருப்பமாக்கும் இந்த உத்தியைப் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது நம் எண்ணம். காற்றின் வாயில் சிக்கியதும் வருகிற பதற்றம் பாதி, வெளியேறும் வழி தெரியாததால் வருவது.

ஓட்டத்தில் உடலின் எடை எங்கிருக்கிறது என்பதே மற்றதையெல்லாம் தீர்மானிக்கிறது. பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் பாதம் ஊன்றி, உடல் முழுவதையும் நீரின்மேல் கிடத்தி நிற்பதை ட்ரப்பீஸ் என்பார்கள். சர்க்கஸில் பார்த்த சொல்லேதான். காற்று படகைக் கவிழ்க்கப் பார்க்கிறது. தொங்கும் மனித உடல் அதை மறுக்கிறது. புகைப்படங்களில் ஓர் உடல் ஆளுயரம் மேலே எழும்பி நிற்பது அழகாக இருக்கலாம்; பந்தயத்தில் அது வீண். பாய் சாய்ந்துவிடுகிறது, வலு வழிந்துவிடுகிறது. தேர்ந்தவர்கள் காற்று வரும் பக்கத்து உடல் நீரைத் தொட்டும் தொடாமலும் வருடிக்கொண்டு போகும்படி ஓட்டுவார்கள். பாய்க்கயிற்றை ஓரிரு விரற்கடை விடுவதும் இழுப்பதுமாக அந்தச் சமநிலை காக்கப்படுகிறது. நன்றாக ஓட்டுபவரின் கை ஒருகணமும் சும்மா இருக்காது. பார்ப்பவருக்கோ அவர் ஒன்றுமே செய்யாதது போலிருக்கும்.

கட்டமரானுக்கே உரிய பெரும் ஆபத்து குப்புறக் கவிழ்தல். பக்கவாட்டில் விழுவதை எல்லாப் படகும் செய்யும். இதுவோ காற்று போகும் பக்கத்து அணியம் நீருக்குள் புதைய, படகு முழுவதும் அதன்மேல் குட்டிக்கரணம் அடித்து, ட்ரப்பீஸில் தொங்கியவரை முன்னே வீசியெறிந்து விழும். ஹோபி 16 இதில் கொஞ்சம் பெயர்கெட்ட படகு. தடுக்கும் வழி எடையைப் பின்னே கொண்டுபோவது. அதைவிட முக்கியமானது வலுத்த வீச்சு வரும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்பது. எதிர்காற்றில் ஏறும்போது வீச்சு வந்தால் அணியத்தைக் காற்றை நோக்கிக் கொஞ்சம் திருப்பினால் அழுத்தம் குறையும். பின்காற்றில் இறங்கும்போது அதையே செய்தால் கவிழ்வீர்கள். அங்கே காற்றைவிட்டு விலகித் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே, காற்று நேர் பக்கவாட்டில் வரும் ஓட்டத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் அழுத்தம் கூடுவதுபோலவே இருக்கும். அங்கே பாய்க்கயிற்றை விடுவது ஒன்றே கதி. அனுபவசாலிகள் அந்தக் கோணத்தில் வலுத்த காற்றில் அதிகநேரம் தங்குவதில்லை.

கவிழ்ந்தபின் நிமிர்த்துவதும் பாடத்தில் சேர்ந்ததே. சொல்லப்போனால் முதல் நாளே கற்க வேண்டியது. பாய்க்கயிறுகளை அவிழ்த்துவிட்டு, பாய்மரத்தின் உச்சி காற்று வரும் திசையை நோக்கும்படி படகு சுழலும்வரை பொறுத்திருந்து, மேலே இருக்கும் உடலுக்கு மேலாகக் கயிறு வீசி, இருவரும் பின்னே சாய்ந்து தொங்கினால் காற்று பாய்க்கு அடியில் புகுந்து தூக்கிக்கொடுக்கும். காற்றை எதிர்த்து நிமிர்த்த முயன்றால் இருவர் எடை போதாது. அமரில்லிஸ் காலத்தில் இந்த வழி எளிதாக இருந்திருக்குமானால் நூற்றாண்டுக் காத்திருப்பு குறைந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

பந்தயத்துக்கு வருகிறவருக்கு இன்னும் ஒன்றிரண்டு. கட்டமரானுக்கு ஒவ்வொரு திருப்பமும் செலவு. ஒற்றை உடல் படகுக்காரர் காற்று சற்று மாறியதும் திரும்பிவிடுவார். கட்டமரான்காரர் அந்த ஆதாயம் திருப்பத்தின் இழப்பைவிடப் பெரிதா என்று முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆகவே தொடங்குமுன்னே எந்தப் பக்கம் காற்று நன்று என்று பார்த்துவைத்துக்கொண்டு, தொடக்கக் கோட்டில் அந்தப் பக்கம் தடையின்றிப் போகும் இடத்தைப் பிடிப்பவர் பாதி வென்றவர். பின்காற்றிலோ நேரே மிதவையை நோக்கி இறங்குவது மந்தம். படகின் சொந்த வேகமே ஒரு காற்றை உண்டாக்குகிறது. அது இயற்கைக் காற்றோடு சேர்ந்து முன்புறத்திலிருந்து வீசுவதுபோல் பாய்க்குத் தெரிகிறது. சாய்வாக ஓடி அந்தக் கூட்டுக்காற்றைப் பெருக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்குபவர் கூடுதல் தூரம் ஓடியும் முன்னே வந்துசேர்கிறார். நேர்வழி குறுக்குவழி அல்ல என்பது முதல் சில பந்தயங்களில் யாருக்கும் நம்பக் கடினமாயிருக்கும். தொடக்கத்தில் கூட்டத்தின் ஓரமாக நின்று, சில விநாடி தாமதமாகவே கோட்டைக் கடந்து, மோதலின்றி முழுச்சுற்றையும் முடிப்பது போதும். ஒரே ஒரு மிதவையை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றித் திரும்பிப் பழகிய மாலைகள் பிறகு கைகொடுக்கும்.

1976 என்ற ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறையாது. அமரில்லிஸ் விரட்டப்பட்டுச் சரியாக நூறாண்டு. மே 1 அன்று ‘ஹோகுலேஆ’ என்ற பொலினீசிய மரபு இரட்டைத் தோணி ஹவாயிலிருந்து புறப்பட்டது. கருவி எதுவும் இல்லை. விண்மீன்களையும் அலையின் போக்கையும் கொண்டு வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். ஜூன் 4-ஆம் நாள் அது தாஹிதியின் பப்பேத்தேயை அடைந்தது. அடுத்த மாதம் கனடாவின் கிங்ஸ்டனில் டொர்னாடோ முதன்முறையாக ஒலிம்பிக்கில் இறங்கியது. ஆங்கிலேயர்களான ரெக் ஒயிட், ஜான் ஆஸ்பர்ன் இருவரும் தங்கம் வென்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று அறிந்து நடந்தவை அல்ல. ஆயினும் பொருளின் உண்மையான முன்னோரும், அதன் கடைசி வாரிசும், ஒரே கோடையில் கடலில் இருந்திருக்கிறார்கள். நடுவே எங்கோ ஒரு தமிழ்ச் சொல்.

கதவு மறுபடி மூடவும் செய்தது. பெய்ஜிங் 2008-உடன் டொர்னாடோவின் ஒலிம்பிக் காலம் முடிந்தது. 2007 இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் இரட்டை உடல் படகுகளுக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. 2012 இலண்டனில் கட்டமரானே இல்லை. 2016 ரியோவில்தான் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சேர்ந்து ஓட்டும் ‘நாக்ரா 17’ என்ற வகை மூலம் அது திரும்பிவந்தது. இந்தப் புதிய விதியை நாம் வரவேற்கிறோம். எடையைக் காற்றின் ஒவ்வொரு மூச்சுக்கும் நகர்த்தும் வித்தையில் முரட்டு வலுவைவிட இருவரிடையே ஒப்புணர்வு பெரிது.

அந்த ரியோ இறுதிப் பந்தயத்தில் அர்ஜென்டினாவுக்காக ஓட்டியவர்கள் சாந்தியாகோ லாங்கே, செசிலியா கரான்சா. லாங்கேக்கு அப்போது வயது 54. டொர்னாடோவில் 2004-இலும் 2008-இலும் வெண்கலம் பெற்றவர். முந்தைய ஆண்டுதான் புற்றுநோய்க்காக நுரையீரலின் ஒரு பகுதியை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். அவருடைய மகன்கள் இருவரும் அதே ஒலிம்பிக்கில் வேறொரு படகு வகையில் போட்டியிட்டுக்கொண்டிருந்தனர். பதக்கப் பந்தயத்தில் லாங்கே – கரான்சா இணைக்கு இருமுறை தண்டனை விதிக்கப்பட்டது. படகுப் பந்தயத்தில் தண்டனை என்பது ஓட்டத்தை நிறுத்தி, மற்றவர்கள் போய்க்கொண்டிருக்க, நின்ற இடத்தில் படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவது. காற்றின் குறுக்கே ஒரு திருப்பம், பின்காற்றில் ஒரு திருப்பம். கட்டமரானால் ஆகாது என்று மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட அதே செயல். அதை இருமுறை செய்துவிட்டு, பின்தங்கிய இடத்திலிருந்து ஏறிவந்து ஆறாவதாக முடித்தார்கள். கணக்குப் பார்த்தபோது ஆஸ்திரேலிய இணையைவிட ஒரு புள்ளி முன்னே இருந்தார்கள், தங்கம் அவர்களுக்கு.